பத்துப் பேருக்குக் குறைஞ்ச குசினி

ஐஞ்சு நிமிசம் எண்டுதான் சொன்னவை. இந்தக் கட்டிடத்தில ஐஞ்சு நிமிசம் எண்டால் என்னவெண்டு எனக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சும் ஒவ்வொரு முறையும் நம்பிப்போட்டு நிக்கிறன், அதுதான் எனக்கு என்னிலேயே கடுப்பு. கதவைச் சாத்திப்போட்டு அரசுகளின்ர சபைக்காரர் உள்ளுக்குள்ள இருந்து குசுகுசுக்கினம். நாடுகளுக்கெல்லாம் பொதுவான நாடாளுமன்றத்து ஆக்கள் நாங்கள் வெளியில விறாந்தையில நிக்கிறம். ஆணையத்து ஆக்கள் அங்கால யன்னலடியில நிண்டு ஆற்றையோ வீட்டு நாயின்ர படத்தைப் பாத்துச் சிரிக்கினம், அவைக்கென்ன, சட்டத்தை முதல்முதல் எழுதித் தந்ததும் அவை, இப்ப நாங்கள் ரெண்டு பகுதியும் அதை இழுபறிப்படுறதைப் புதினம் பாக்கிறதும் அவை. குளிர் வேற. வெளியில பிரசெல்ஸ் முழுக்க ஆனி மாத வெயில் கொளுத்துது, உள்ளுக்கு ஏசியைப் போட்டுத் தள்ளுறாங்கள், நான் சால்வையைப் போத்துக்கொண்டு நடுங்கிறன். வேலை செய்யிற இடங்களில ஆக்கள் வெக்கையில சாகாமல் பாக்கிறதுக்கு ஒரு சட்டம், அதைக் கதைக்கிற இடத்தில கை விறைக்குது. ஆரிட்டையாவது சொன்னால் பகிடி விடுறன் எண்டு நினைப்பினம். விறைச்ச கைக்குள்ள போன் கிடக்கு, போனுக்குள்ள தம்பியின்ர செய்தி கிடக்கு, "அக்கா, பின்னேரத்துக்குள்ள நாந்து வேலைக்குப் பதில் சொல்லவேணும், என்ன மாதிரி?" என்ன மாதிரி. என்ன மாதிரி எண்டு எனக்குத் தெரிஞ்சால் நான் ஏனடா இந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். காலமை அனுப்பினவன். இன்னும் பதில் எழுதேல்லை. எழுதத் தொடங்கிறதும் அழிக்கிறதுமா இருக்கிறன். நான் எழுதிக்கொண்டிருக்கிறன் எண்டு அவன்ர போனில காட்டும், பிறகு நிண்டு போகும், திரும்பக் காட்டும், அவன் பாத்துக்கொண்டிருப்பான், பாவம்.

நிரோஜன் பாரிசில ஒரு பிட்சாக் கடையில சமைக்கிறான். கோணேசண்ணையின்ர கடை. மேல மேசை, கதிரை, பூச்சாடி, பாட்டு எல்லாம் வடிவாத்தான் கிடக்கு, குசினி மட்டும் நிலத்துக்குக் கீழ. யன்னல் எண்டு ஒண்டு இல்லை. ஒருக்கா நான் அந்தப் படியில இறங்கினனான், பாதிப் படியிலேயே வெக்கை முகத்தில அடிச்சுது, கண்ணாடி முழுக்க ஆவி பிடிச்சு ஒண்டும் தெரியேல்லை, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுப் பாத்தால் சேட் முதுகோட ஒட்டிக்கிடக்க இவன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். "என்னக்கா, டென்மார்க்கில இருந்து இருந்து ஊர் வெயிலை மறந்து போனியளோ" எண்டான். மறக்கேல்லையடா. ஊரில வெயில் எண்டால் வெளியில வரலாம், இஞ்ச எங்க வாறது. போன கோடையில மாக்குழைச்சுக்கொண்டு நிண்டவன் அப்பிடியே சரிஞ்சு விழுந்திட்டான். மதுரா, அவன்ர மனிசி, ஆஸ்பத்திரியில இருந்து போன் எடுத்தவள், எடுத்துப்போட்டுக் கதைக்காமல் அழுதுகொண்டே நிண்டாள், நான் இஞ்ச இதே விறாந்தையில நிண்டு, ஆள் இருக்கிறானோ இல்லையோ எண்டுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டு நிண்டன். சிறுநீரகம் எண்டார் டொக்டர். வேர்த்து வேர்த்து, தண்ணி குடிக்க நேரமில்லாமல் நிண்டு நிண்டு வாறதாம். இன்னொரு கோடை இப்பிடி நிண்டால் ரத்தம் கழுவுற மெசினில படுக்க வேண்டிவரும் எண்டவர். கோணேசண்ணை கெட்ட மனிசனாயிருந்தாலாவது அவரின்ர தலையில பழியைப் போட்டுப்போட்டு இருக்கலாம். அந்தாள் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் சூப் கொண்டு வந்தது. "தம்பி, வெக்கையை இழுக்கிற மெசின் பூட்டுறதெண்டால் கூரை மட்டும் குழாய் விடவேணும், கட்டிடக்காரன் விடமாட்டன் எண்டு நிக்கிறான். சட்டம் எண்டு ஒண்டு வந்தால் அவனும் மறுக்கேலாது, நானும் சாட்டுச் சொல்லேலாது. அக்காவைக் கெதியாக் கொண்டு வரச் சொல்லு" எண்டு சொன்னவராம். நான் கொண்டு வாறனாம். என்ர பையுக்குள்ள கிடக்குதாக்கும் சட்டம்.

அவனுக்கு இதை விளங்கப்படுத்தப் போய் நான் பட்ட பாடு. "அக்கா, நீங்கள் நாடாளுமன்றத்திலதானே வேலை செய்யிறியள், பிறகென்ன, அந்த கிர்ஸ்டனிட்டைச் சொல்லி எழுதிப் போடுங்கோவன்." கிர்ஸ்டன் உறுப்பினர், நான் அவவின்ர உதவியாளர், அதுவரைக்கும் அவனுக்கு விளக்கம். "நாங்கள் எழுதேலாதடா, ஆணையம்தான் எழுதலாம்." "அப்ப நாடாளுமன்றம் என்னத்துக்கு?" "ஆணையம் எழுதினதைத் திருத்த." "திருத்தினால் சட்டமோ?" "இல்லை, எல்லா நாட்டு அமைச்சர்மாரும் இருக்கிற சபை ஒண்டு இருக்கு, அவையும் அதையே தங்கட பாட்டில திருத்துவினம்." "ரெண்டு திருத்தமும் ஒத்துவராட்டி?" "மூண்டு பகுதியும் ஒரு அறைக்குள்ள இருந்து கதைப்பம்." "ஆரும் வந்து பாக்கலாமோ?" "பாக்கேலாது." "அப்ப எங்கட சித்தப்பாமார் காணி பிரிச்ச மாதிரி எண்டு சொல்லுங்கோ" எண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது, ஏனெண்டால் சரியாத்தான் சொன்னவன். நாலு நிரல் போட்ட தாள் ஒண்டு, ஆணையம் எழுதினது ஒரு நிரலில, நாங்கள் கேட்டது பக்கத்து நிரலில, சபை கேட்டது அதுக்குப் பக்கத்தில, கடைசி நிரல் வெறுமை. அந்த வெறுமையை நிரப்பத்தான் மாசக்கணக்கா இந்த அறைக்குள்ள போறதும் வாறதும். ஒரு வரியில எல்லாரும் ஒத்துக்கொண்டால் அந்த வரிக்குப் பச்சை அடிப்பினம். பச்சை அடிச்ச வரியைப் பிறகு தொடக்கூடாது. எங்கையும் எழுதி வச்ச விதி இல்லை, எண்டாலும் மூலஸ்தானத்துக்குள்ள கால் வைக்கிற மாதிரி எல்லாருக்கும் ஒரு பயம். ஒண்டைத் திறந்தால் மற்றவன் தன்ர ஒண்டைத் திறப்பான், அவன் திறந்தால் இவன் திறப்பான், பிறகு எல்லாம் குழம்பிப்போகும், வீட்ட போகவேண்டியதுதான்.

இப்ப நான் யோசிச்சுக்கொண்டு நிக்கிறது இன்னும் பச்சை அடிக்காமல் மஞ்சளாக் கிடக்கிற ஒரு வரியைத்தான். பத்துப் பேருக்குக் குறைவா வேலை செய்யிற இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நிரோவின்ர கடையில கோணேசண்ணையோட சேத்தே எட்டுப் பேர். இதைக் கேட்டது சபை எண்டு நினைப்பியள். இல்லை. நாங்கள். எங்கட நிரலிலதான் கிடக்கு, ரெண்டாம் நிரலில, கிர்ஸ்டன்ர பேரோட. எப்பிடி வந்ததெண்டால், நாடாளுமன்றக் குழுவில வாக்குப் போதாமல் போச்சுது, மற்றக் கட்சிக்காரர் ஒருத்தர், எப்பவும் நீலக் கழுத்துப்பட்டியோட வாறவர், சின்னக் கடைக்காரரை விட்டுவிட்டால் தன்ர ஆக்கள் கை உயர்த்துவினம் எண்டார். அந்தாளுக்கும் சின்னக் கடைக்காரரில அப்பிடி ஒரு பாசம் இல்லை, ஊரில போய்ச் சொல்ல ஒண்டு வேணும், அவ்வளவுதான். கிர்ஸ்டன் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னா, "துஷி, முகத்தை உப்பிடி வைக்காதையும். இது விட்டுக்குடுக்கிறதுக்கு எண்டு வைக்கிற சாமான். சபை இதைக் கட்டாயம் வெட்டும். நாங்கள் அழுதுகொண்டு விட்டுக்குடுக்கிற மாதிரி விட்டுக்குடுப்பம், அதுக்குப் பதிலா எங்களுக்கு வேண்டியதை வாங்குவம்." இது இஞ்ச எல்லாரும் செய்யிறது. வேண்டாத ஒண்டைக் கேக்கிறது, பிறகு அதை உயிர் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது, பிடிச்சால்தானே விலை ஏறும். போன கூட்டங்களில கிர்ஸ்டன் பிடிச்ச பிடி இருக்கே. மேசையில தட்டினவ. சின்னக் கடைக்காரர்தான் எங்கட நாடுகளின்ர முதுகெலும்பு எண்டவ. நான் பின்னால இருந்து, என்ன நடிப்பு எண்டு மனசுக்குள்ள மெச்சினனான், இவவை நம்பி நிரோவை நிக்கச் சொல்லலாம் எண்டு நினைச்சனான். "பொறடா, சட்டம் வரும், நாந்துக்குப் போகாதை" எண்டு நான்தான் சொல்லிக்கொண்டு வந்தது. நாந்து எண்ட ஊரில பொதி பிரிக்கிற வேலை ஒண்டு கிடக்கு அவனுக்கு, குளிரான இடம், சம்பளம் குறைவு, பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாத்தவேணும், மதுரா இப்பத்தான் பிரெஞ்சு படிச்சு முடிச்சு ஒரு நேசரியில வேலை எடுத்தவள். எண்டாலும் குளிரான இடம்.

சரி, நிண்டு விறைக்கிறதுக்கு ஒரு கோப்பியாவது குடிப்பம் எண்டு மெசினடிக்குப் போனால் இவோ எண்டவன் நிக்கிறான். இந்த அரை வருசம் சபைக்குத் தலைமை தாங்கிற நாட்டின்ர பெடியன், நல்ல பெடியன், கண்ணுக்குக் கீழ கறுத்துப்போய்க் கிடக்கு, இந்த மாதம் முடியத் தலைமை அடுத்த நாட்டுக்குப் போயிடும், பிறகு தான் ஒரு கிழமை நித்திரை கொள்ளப்போறன் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறான். என்னைக் கண்டதும் கண்ணைச் சிமிட்டினான். "துஷி, சிரியுங்கோ, இண்டைக்கு உங்களுக்கு ஒரு நல்ல விசயம் வருது." என்ன நல்ல விசயம் எண்டன். சொல்லக்கூடாது எண்டு சொல்லிப்போட்டுச் சொன்னான், அவனுக்கும் ஆரிட்டையாவது சொல்லவேணும்போல இருந்திருக்கும். "அந்தப் பத்துப் பேர் விலக்கு. தாறம். எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் அதில விருப்பமில்லை, தெற்குப் பக்கத்து நாடுகள் குதிச்சவை, வெக்கையே அவையின்ர ஊரிலதானே. ஆனால் உங்கட உறுப்பினர் அதை விடவே மாட்டன் எண்டு நிண்டா, அப்ப எங்களுக்கு விளங்கிச்சுது இது உங்களுக்கு உயிர் எண்டு. ஒவ்வொரு நாட்டுத் தூதுவரையும் கெஞ்சி நேற்றுத்தான் ஒத்துக்கொள்ள வச்சனாங்கள். பதிலுக்கு நீங்கள் அந்தச் சோதனை வரியை விடவேணும், சொல்லாமல் வந்து சோதிக்கிறது எண்டதை, அவ்வளவுதான்." கோப்பி என்ர கையில ஊத்துப்பட்டது. "எங்களுக்கு அது வேண்டாம்" எண்டன். என்ர வாயில இருந்துதான் வந்தது, உதவியாளர் ஒருத்தி எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லவே கூடாத சொல். அவன் சிரிச்சான். பிறகு என்ர முகத்தைப் பாத்துப்போட்டுச் சிரிப்பை நிப்பாட்டினான். "வேண்டாமெண்டால் ஏன் கேட்டனீங்கள்?" "நீங்கள் மாட்டம் எண்டு சொல்லுவியள் எண்டு." "நாங்கள் ஏன் மாட்டம் எண்டு சொல்லவேணும், நீங்கள் அந்தளவுக்குக் கேக்கேக்க?" மெசின் தன்ர பாட்டில உறுமிக்கொண்டு நிண்டுது. "அப்ப விடுங்கோ, தரவேண்டாம்" எண்டன். "துஷி, தூதுவர்மார் கையெழுத்து வச்ச மாதிரி. அதை எடுத்தால் நான் திரும்ப அவையிட்டைப் போகவேணும். இந்த மாதத்துக்குள்ள ஏலாது" எண்டு சொல்லிப்போட்டு, கோப்பியை எடுக்காமலே போயிட்டான்.

கிர்ஸ்டன் விறாந்தைக் கோடியில சப்பாத்தைக் கழட்டி வச்சுப்போட்டு அப்பிள் கடிச்சுக்கொண்டிருந்தா. நான் ஓடிப்போய் டேனிஷில படபடவெண்டு சொன்னன், அவையும் வேண்டாம் எண்டினம், நாங்களும் வேண்டாம் எண்டுறம், இப்ப கதவைத் தட்டிச் சொன்னால் ரெண்டு நிமிச வேலை. அவ கடிச்சதை மெதுவா மெண்டு முடிச்சா. மெல்லுறதைப் பாக்க எனக்கு அப்பிளைப் பறிச்சு எறியவேணும்போல கிடந்தது. "நான் எடுத்தால் நீலக் கழுத்துப்பட்டி தன்ர ஆக்களோட வெளியில போயிடுவார், கடைசி வாக்கெடுப்பில தோத்துப்போவம். சபை எடுக்கிறதெண்டால் அவைக்கு நேரம் காணாது. அடுத்து வாற தலைமைக்கு இந்தச் சட்டத்திலேயே விருப்பமில்லை, மேசையில இருந்து எடுத்து அலுமாரிக்குள்ள வச்சுப்போடுவினம்." "ஆணையம்?" "ஆணையம் தன்ர பாட்டில ஒண்டும் எடுக்கேலாது, உமக்குத் தெரியாதோ?" தெரியும். எனக்கு எல்லாம் தெரியும், அதுதான் என்ர வேலை, ஆர் என்ன செய்யேலாது எண்டதைத் தெரிஞ்சு வச்சிருக்கிறது. "கிர்ஸ்டன், இது ஒருத்தருக்குமே வேண்டாத வரி" எண்டன். "ஓம்," எண்டா, "ஆனால் மற்ற வரியள் எல்லாம் வேணும். வயல், தொழிற்சாலை, கட்டிட வேலை, களஞ்சியம், எத்தினை கோடிப் பேர் துஷி. அவையை விட்டுப்போட்டு வரச் சொல்லுறீரோ?" அது பொய்யெண்டால் நான் சண்டை பிடிச்சிருப்பன். பொய் இல்லை. அதுதான் எனக்குக் கொதிச்சுக்கொண்டு வந்தது. பெரிய மண்டபத்தில இந்தச் சட்டத்தைப் பற்றி முதல்முதல் பேசேக்க அவ தொடங்கினதே என்ர தம்பியின்ர கதையோடதான், பேர் சொல்லாமல், பாரிசில ஒரு சமையல்காரர், நிலத்துக்கடியில ஒரு குசினி, மாவுக்குள்ள கையோட விழுந்தவர் எண்டு, எத்தினை பேர் கை தட்டினவை. என்னட்டைக் கேட்டுத்தான் சொன்னவ. நானும் நிரோவிட்டைக் கேட்டனான், அவன் வெக்கப்பட்டுக்கொண்டு ஓமெண்டவன். அவனை வச்சுத் தொடங்கின சட்டத்துக்குள்ள அவன் இல்லை. நான் இதைச் சொல்லேல்லை, சொன்னால் அழுதிடுவன் எண்டு பயம், இந்த இடத்தில அழுதால் பிறகு ஒருத்தரும் கணக்கெடுக்கமாட்டினம். அவவே என்ர கையைப் பிடிச்சா. "உள்ளுக்கு ஒரு இடைவெளி கிடைச்சால் சொல்லிப் பாக்கிறன்" எண்டா. நான் போனை எடுத்து நிரோவுக்கு, "கொஞ்சம் பொறு" எண்டு எழுதி, இந்த முறை அழிக்காமல் அனுப்பினன்.

அனுப்பினாப் பிறகு இன்னும் மோசம். பொறு. எத்தினை தரம்தான் அவனுக்கு இந்தச் சொல்லைச் சொல்லுறது. ஊரில சண்டை முடிஞ்ச வருசம் அவன் முகாமுக்குள்ள கிடக்கேக்கயும் இதைத்தான் சொன்னனான், ஆரோ ஒருத்தற்றை போனில ஒரு நிமிசம் கதைக்கக் கிடைச்சுது, பொறு தம்பி, அக்கா வெளியில எடுக்கிறன் எண்டு. எடுக்கிறதெண்டு சொல்லிப்போட்டு நான் ஒவ்வொரு அலுவலகமாப் போன் அடிச்சனான். இது எங்கட பொறுப்பில்லை, அவையின்ர எண்டினம். அவைக்கு அடிச்சால் இவையின்ர எண்டினம். எல்லாரும் மரியாதையாத்தான் கதைச்சவை, ஒருத்தரும் ஏசேல்லை, ஒருத்தரும் போனை அடிச்சு வைக்கேல்லை. ஒருத்தர் என்னட்டை மன்னிப்புக்கூடக் கேட்டவர். அதுக்குப் பிறகுதான் நான் இந்த வேலைக்கான படிப்பைப் படிச்சது, உள்ளுக்கு இருந்தால் என்ன நடக்குதெண்டு தெரியும் எண்டு நினைச்சு. தெரியுது. வடிவாத் தெரியுது. சால்வைக்குள்ள கை வேர்க்குது இப்ப, அந்தக் குளிருக்குள்ளயும் வேர்க்குது, சிறுநீரகம் எங்க இருக்கு, முதுகுப் பக்கம், விலாவுக்குக் கீழ, நான் அந்த இடத்தை அமத்திப் பாக்கிறன், நோகேல்லை, எனக்கேன் நோகப்போகுது. நிரோவுக்குக் கால் வீங்கிறது எண்டு மதுரா சொன்னவள். இப்பவோ போன கிழமையோ. காலமை சப்பாத்துப் போடேலாமல் செருப்போட போறான் எண்டவள். அதுக்கு நான் என்ன சொன்னனான், உப்பைக் குறைக்கச் சொல்லு எண்டனான். உப்பை. மாடிப்படியில ஆரோ சிரிச்சுக்கொண்டு போகினம். ஆணையத்து ஆக்களில ஒரு அம்மா நாய்ப் படத்தை எனக்கும் காட்ட வாறா, வடிவான நாய் எண்டு சொல்லி வைக்கிறன், சொல்லிப்போட்டு, விட்டால் வேற சந்தர்ப்பம் இல்லை எண்டு கேட்டன், அந்தப் பத்துப் பேர் விலக்கைப் பற்றி நீங்கள் உள்ளுக்கு ஒருக்காச் சொல்லேலாதோ, நீங்கள் முதல் எழுதினதில அது இல்லைத்தானே. அவ என்னை இரக்கமாப் பாத்தா. "நாங்கள் எழுதேக்க அதைப் போடாததுக்குக் காரணம் இருந்தது" எண்டா. அப்ப சொல்லுங்கோவன் எண்டன். "இந்தக் கட்டத்தில நாங்கள் ரெண்டு பகுதிக்கும் உதவத்தான் இருக்கிறம்" எண்டா. ரெண்டு பகுதிக்கும் அது வேண்டாமெண்டால் எந்தப் பகுதிக்கு உதவுறியள் எண்டு கேட்க வாய் வரைக்கும் வந்தது, அதுக்குள்ள கதவைத் திறந்திட்டினம்.

உள்ளுக்கு நீள மேசை, மேசையைச் சுத்திக் கதைக்கிற ஆக்கள், அவைக்குப் பின்னால சுவரோட எங்கட கதிரை. பின்வரிசைக்கு வாயில்லை. இருந்து எழுதலாம், துண்டு குடுக்கலாம், கூப்பிட்டால் காதுக்குள்ள சொல்லலாம், கை தூக்கேலாது. சபைத் தலைமையின்ர பெரியவர் எழும்பித் தொண்டையைச் செருமினார். நாடாளுமன்றத்தின்ர கவலையை நாங்கள் விளங்கிக்கொண்டம் எண்டார். இது எங்களுக்கு லேசான முடிவில்லை எண்டார். இவோ குனிஞ்சு மேசையைப் பாத்துக்கொண்டிருந்தான். பத்துப் பேருக்குக் குறைஞ்ச இடங்களுக்கான விலக்கைச் சபை ஏற்குது எண்டு சொல்லிப்போட்டு, பிள்ளைக்குப் பிறந்தநாள் சாமான் குடுத்த தகப்பன் மாதிரி எங்களைப் பாத்துச் சிரிச்சார். நான் ஒரு துண்டில, "இப்ப சொல்லுங்கோ" எண்டு எழுதி முன்னால நீட்டினன். கிர்ஸ்டன் வாசிச்சா. துண்டை நாலா மடிச்சா. பக்கத்துக் கதிரையில நீலக் கழுத்துப்பட்டி, இது எங்கட வெற்றி எண்ட மாதிரி அவவின்ர தோளில தட்டினார். சொல்லுவா, இப்ப சொல்லுவா, ஒரு மூச்சு எடுத்தா, "நாடாளுமன்றம் சபைக்கு நன்றி சொல்லுது" எண்டா. ஆணையத்து அம்மா, இது சமநிலையான தீர்வு எண்டா. சுவரில பெரிசாத் தெரிஞ்ச திரையில அந்த வரி மஞ்சளில இருந்து பச்சையாச்சுது. நான் எழும்பினன். எதுக்கு எழும்பினன் எண்டு தெரியாது, கதிரை பின்னால சுவரில இடிச்சுச் சத்தம் கேட்டுது, ரெண்டு மூண்டு பேர் திரும்பிப் பாத்தினம், சொல்லடி, வாயைத் திறந்து சொல்லு, இது ஒருத்தருக்கும் வேண்டாம் எண்டு சொல்லு, போனால் வேலைதானே போகும். அந்த நேரம் பாத்து மிச்ச வரியளும் ஒவ்வொண்டாப் பச்சையாகி முடிஞ்சுது, எல்லாரும் கை தட்டிக்கொண்டு எழும்பிச்சினம், எழும்பி நிக்கிற கூட்டத்துக்குள்ள நானும் எழும்பி நிக்கிறவளாப் போனன். ஆரோ என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கிச்சினம். நானும் குலுக்கினன்.

கை குலுக்கி முடிய அரை மணித்தியாலம் போச்சுது, இப்ப படம் எடுக்க வரிசையா நிக்கினம். கிர்ஸ்டன்ர செய்தித் தொடர்புக்காரப் பிள்ளை பச்சை விழுந்த உடனேயே போனில எதையோ தட்டி அனுப்பிப்போட்டுது, காலமையே எழுதி வச்சது, பழைய படம் ஒண்டோட. "துஷி, நீரும் வாரும், உம்மட வேலையும்தானே" எண்டு கிர்ஸ்டன் கூப்பிடுறா, கண்ணைப் பாக்காமல் கூப்பிடுறா. என்ர போன் அதிருது. நிரோ. வெளியில விறாந்தைக்கு வந்து காதில வச்சன். "அக்கா" எண்டான். இவ்வளவு சந்தோசமா அவன் என்னை அக்கா எண்டு கூப்பிட்டு எவ்வளவு காலம். "வந்திட்டுதாம். மதுரா இப்ப காட்டினவள், உங்கட கிர்ஸ்டன்ர படத்தோட போட்டிருக்கு, இனி ஒரு தொழிலாளியும் வெக்கையில விழமாட்டினம் எண்டு. கோணேசண்ணை எங்கள் எல்லாரையும் மேல கூப்பிட்டுச் சோடா உடைச்சுத் தந்தவர். கட்டிடக்காரனுக்கு நாளைக்கே எழுதப்போறாராம்." நான் பின்னால கதவைச் சாத்தினன். "நாந்துக்கும் சொல்லிப்போட்டன் அக்கா, வரேல்லை எண்டு. இப்பத்தான் சொன்னனான். அவை உடனேயே அடுத்த ஆளுக்குப் போன் அடிச்சு வேலையைக் குடுத்திட்டினமாம், பாவம், காத்துக்கொண்டு இருந்தவை." நிரோ எண்டு கூப்பிட்டன். என்னக்கா எண்டான். பத்துப் பேருக்குக் குறைஞ்ச இடங்களுக்கு இந்தச் சட்டம் இல்லையடா எண்டன். முதல் அவனுக்கு விளங்கேல்லை. "நாங்கள் எட்டுப் பேர்" எண்டான், தனக்குத்தானே சொல்லுற மாதிரி. பின்னால கோணேசண்ணை ஆரோடையோ சிரிச்சுக் கதைக்கிறது கேக்குது, கிளாஸ் சத்தம் கேக்குது. "அப்ப அந்த மெசின்?" "இல்லையடா." "ஆர் அக்கா அப்பிடிக் கேட்டது? கடைக்காரரோ? கோணேசண்ணையே அப்பிடிக் கேக்கமாட்டாரே." கதவுக் கண்ணாடிக்குள்ளால பாக்கிறன், மூண்டு பகுதியும் தோளில கை போட்டுக்கொண்டு நிக்கினம், இவோ ஓரத்தில நிக்கிறான், எனக்கு எண்டு ஒரு இடம் விட்டு வச்சிருக்கினம். "ஒருத்தரும் கேக்கேல்லையடா" எண்டு சொன்னன். அவன் நம்பேல்லை, எனக்குத் தெரியும், அக்கா எதையோ மறைக்கிறா எண்டுதான் நினைச்சிருப்பான். பிறகு, "சரி அக்கா, அடுப்பில சாமான் கிடக்கு, நான் கீழ போறன்" எண்டான்.